லிலி பூலான்ஜேயின் 'பியே யேசு': ஒரு கீபோர்டை வைத்துச் சமாளிக்க முடியுமா?

அஸ்தம்பட்டி கீபோர்டு:
நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எங்கள் கொயரில் பிரெஞ்சு இசையமைப்பாளர் லிலி பூலான்ஜேயின் 'பியே யேசு' (இறந்தவர்களுக்கான லத்தீன் பிரார்த்தனைப் பாட்டு) பாட ஆசை. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள், நல்ல குரல். ஆனால் மூலத்தில் ஆர்கன், ஹார்ப், நான்கு தந்திக் கருவிகள். எங்களிடம் ஒரு கீபோர்டும் ஒரு வயலினும்தான். போதுமா? பாட்டுக்கு முன் நான் நாலு வார்த்தை பேசவும் வேண்டும். தங்கை லிலி இறந்த துக்கத்தில் அக்கா நாடியா இசை எழுதுவதையே விட்டார் என்கிறார்களே, அப்படிச் சொல்லலாமா?

ஏற்காடு பியானோ டீச்சர்:
அப்படி மட்டும் சொன்னால் நாடியாவுக்கு அநியாயம். 1908இலேயே இளம் கலைஞர்களுக்கான பிரெஞ்சு அரசின் ரோம் பரிசுப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியவர் அவர். குரலுக்கு எழுதச் சொன்ன ஃபியூகை (ஒரே மெட்டு பல குரல்களில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வடிவம்) தந்திக் கருவிகளுக்கு எழுதிக் கொடுத்தார், நடுவராக இருந்த இசையமைப்பாளர் சேன்-சான்ஸ் கோபத்தில் குதிகுதி என்று குதித்தார்! 1913இல் லிலி முதலிடமே வாங்கினார், 19 வயதில். இசையமைப்பில் அதை வாங்கிய முதல் பெண்.

அப்பா 1900இல் இறந்துவிட்டதால் நாடியா சின்ன வயதிலேயே பாடம் எடுத்துச் சம்பாதிக்க வேண்டியதாயிற்று. அவரோடு சேர்ந்து ஓபரா (இசை நாடகம்) எழுதிய பியானோ கலைஞர் ரவுல் புன்யோ 1914 ஜனவரியில் இறந்துவிட்டார், அதே வருஷம் முதல் உலகப் போர். ஓபரா அப்போது மேடையேறவில்லை. லிலி இறந்தது 1918 மார்ச் 15, வயது 24. அதற்குப் பிறகும், 1922இல்கூட, நாடியா பாட்டு எழுதியிருக்கிறார். துக்கம் ஒரு காரணம், சரி. ஒரே காரணம் இல்லை.

படுக்கையில் கிடந்த லிலி சொல்லச் சொல்ல இந்தப் பாட்டை எழுதிக்கொண்டவர் நாடியாதான். இதைச் சொல்லுங்கள். பிறகு கோப்லண்ட், பியாசோலா, குவின்சி ஜோன்ஸ் என்று எத்தனை பெரிய இசையமைப்பாளர்களுக்கு நாடியா வாத்தியார்! தங்கையின் படைப்புகளைத் தானே மேடையில் நடத்தியும் வந்தார்.

கீபோர்டில் ஆர்கன் ஒலி வையுங்கள், மேல் வரி வயலினுக்கு. ஆரம்பத்தில் துணையிசையின் சுரங்கள் ஒன்றோடொன்று உரசும். காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று அதைத் திருத்திவிடாதீர்கள்.

ஆத்தூர்க்காரன்:
விசுத்திமக்கம் என்ற பாலி பௌத்த நூலிலிருந்து எடுத்து 'பழைய பௌத்தப் பிரார்த்தனை' என்று ஒன்றும் லிலி செய்திருக்கிறார். எங்கள் தியாகனூர் புத்தர் சிலை முன்னால் யாராவது பாடினால் முதல் வரிசையில் நான்.

அஸ்தம்பட்டி கீபோர்டு:
நன்றி டீச்சர், பேச வேண்டியது கிடைத்துவிட்டது. ஆத்தூர்க்கார அண்ணா, அதற்கு டெனர், அதாவது மேல் ஸ்தாயி ஆண் குரல், வேண்டுமே! எங்கள் ஆண்கள் எல்லோரும் பேஸ், கீழ்க் குரல். நீங்கள் பாடுவீர்களா?