ஐப்பசி ஈரமும் ஸ்பீக்கர் பெட்டியும்: டெல்டாவில் பெட்டி அடிப்பவர்களின் அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு ஊர்ப் பெயரின் கீழும் இருப்பது அந்த ஊர்க்காரர் சொன்னது)

கும்பகோணம்

எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகையில் பெட்டி அடித்து, பட்டி பார்த்து, கறுப்பு பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் கண்ணாடி மாதிரி ஏற்றியாச்சு. பங்குனியில் முடிந்த வேலை. ஐப்பசி அடைமழை பிடித்து இரண்டு வாரம் ஆனதும், பெட்டியின் மேல்பக்கத்தில், ஓரத்திலிருந்து சரியாக 18 மி.மீ. உள்ளே தள்ளி ஒரு கோடு எழும்பும். நகத்தை ஓட்டினால் தட்டும். இதை எத்தனையோ பெட்டியில் பார்த்தாயிற்று.

உடனே பெயின்டரைக் குறை சொல்வார்கள். அவர் மேல் தப்பில்லை. எம்டிஎஃப் ஈரம் குடித்தால் நீள அகலத்தில் அதிகம் நகராது, கனத்தில்தான் ஊதும். பலகையை நேராக முட்டவைத்து ஒட்டும் முட்டு ஜாயின்டில் பக்கப் பலகையின் வெட்டு ஓரமும் மேல் பலகையின் முகமும் ஒரே பரப்பில் ஒட்டி நிற்கின்றன. மேல் பலகை கனத்தில் ஊதி மேலே வருகிறது, பக்கப் பலகையின் ஓரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்த வித்தியாசம்தான் கோடு. பட்டியை எத்தனை தடவை வைத்துத் தேய்த்தாலும் அடுத்த மழைக்குத் திரும்பி வரும்.

தப்பிக்க வழி உண்டு. 45 டிகிரியில் வெட்டிச் சேர்த்தால் கோடு மூலையிலேயே விழும், கண்ணுக்குத் தெரியாது. பேனல் ரம்பம் உள்ள கடையில் கொடுத்து வெட்டுங்கள், கை ரம்பத்தில் சுத்தமாக வராது. அது முடியாவிட்டால் முட்டு ஜாயின்டே போட்டு, ஒட்டியபின் மூன்று நான்கு வாரம் சும்மா வைத்துவிட்டு, மேலே 4 மி.மீ. ப்ளை சுற்றி ஒட்டி, அதன்மேல் பெயின்டோ வெனீரோ (மெல்லிய மரத்தாள்) போடலாம். எதைச் செய்தாலும் உள்பக்கத்தை மறக்கக் கூடாது. வெளியே ஐந்து கோட் பெயின்ட் அடித்துவிட்டு உள்ளே பச்சைப் பலகையாக விட்டால், போர்ட் (பெட்டிக்குள் காற்று போய்வரும் குழாய்) வழியே போகும் ஈரத்தை அந்தப் பக்கம் குடித்துக்கொண்டே இருக்கும். பெட்டியைச் சேர்க்கும் முன்பே உள்முகங்களுக்கு இரண்டு கோட் சாண்டிங் சீலர் கொடுங்கள். பசை படும் 18 மி.மீ. பட்டையில் மட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள், சீலர் மேல் ஃபெவிகால் பிடிக்காது.

மன்னார்குடி

பெட்டியை என்ன அளவில் அடிப்பது என்று கேட்டிருந்த தம்பிக்கு. 6.5 அங்குல வூஃபருக்கு (பேஸ் ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) பலரும் அடிக்கும் அளவு இது: வெளியளவு அகலம் 220, உயரம் 360, ஆழம் 290 மி.மீ. 18 மி.மீ. பலகை போக உள்ளே 184 × 324 × 254. பெருக்கினால் 15.1 லிட்டர். நடுவில் ஜன்னல் வெட்டிய தாங்கு பலகை, வூஃபரின் காந்தம், போர்ட் குழாய் எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் தின்னும். கணக்குக்கு 14 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடிக்கு 8 × 4 அடி ஷீட்டில் பாதி போதும், மிச்சமும் விழும். உங்கள் வூஃபரின் டேட்டா ஷீட் வேறு கொள்ளளவு கேட்டால் அதன்படிதான் போக வேண்டும்.

வெட்டக் கொடுக்குமுன் வெர்னியரில் பலகையின் கனத்தை அளந்துவிடுங்கள். 18 என்று விற்கும் ப்ளைவுட் பல நேரம் 17-க்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஒரு மி.மீ. குறைந்தாலும் முன்பலகை ஆடும்.

போர்ட்டில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கணக்கு இது: குழாயின் உள்விட்டத்தை செ.மீ.-ல் எடுத்து வர்க்கப்படுத்தி, 23,562-ஆல் பெருக்குங்கள். அதை, ட்யூனிங் (போர்ட் ஒலிக்க வேண்டிய அதிர்வெண்) ஹெர்ட்ஸின் வர்க்கத்தையும் பெட்டியின் லிட்டரையும் பெருக்கி வரும் தொகையால் வகுங்கள். வந்ததிலிருந்து உள்விட்டத்தின் 0.73 பங்கைக் கழித்தால் குழாய் நீளம் செ.மீ.-ல் கிடைக்கும். 14 லிட்டர், 45 ஹெர்ட்ஸ், 5 செ.மீ. உள்விட்டம் என்றால் 17.1 செ.மீ. வரும். ஆனால் கடையில் 50 மி.மீ. என்று தரும் பிவிசி பைப்புக்கு அது வெளிவிட்டம். சுவர் 2 மி.மீ. இருந்தால் உள்ளே 46-தான். அதற்கு 14.2 செ.மீ. போதும். தெரியாமல் 17.1 செ.மீ. வெட்டிப் பொருத்தினால் ட்யூனிங் 42 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். முதலில் 2 செ.மீ. கூடவே வைத்து வெட்டுங்கள். அறுத்துக் குறைக்கலாம், ஒட்டி நீட்ட முடியாது. உள்ளே குழாய் முடியும் இடத்துக்கும் பின்பலகைக்கும் குறைந்தது ஒரு விட்டம் இடைவெளி வேண்டும்.

தஞ்சாவூர்

பலா மரத்தில் பெட்டி அடித்தால் வீணை மாதிரி நாதம் வருமா என்ற கேள்வி இங்கே மாதம் ஒரு தடவையாவது வரும். நம்ம ஊர் வீணை பலா, தவிலும் பலா, நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் ஆச்சா. அந்த மரம் பாட வேண்டும் என்றுதான் குடைகிறார்கள். ஸ்பீக்கர் பெட்டி பாடவே கூடாது. பதிவில் இருக்கும் வீணையின் நாதம் கோனிலிருந்து (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு) வந்தால் போதும், பலகை தன் பங்குக்குச் சேர்த்தால் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி கேட்கும்.

இன்னொரு சங்கடம், முழு மரம் ரேகைக்குக் குறுக்கே நகரும். 290 மி.மீ. அகலப் பலகை கோடைக்கும் அடைமழைக்கும் நடுவில் இரண்டு மூன்று மி.மீ. வரை விரிந்து சுருங்கும். நான்கு பக்கமும் பசை போட்டு இறுக்கினால் ஒரு வருஷத்தில் வெடிக்கும். பலாவின் மஞ்சள் நிறம் அத்தனை அழகுதான், மறுக்கவில்லை. அதை முன்பலகையின் இரண்டு ஓரத்திலும் 20 மி.மீ. பட்டையாக வைத்து, 12 மி.மீ. ஆரத்துக்கு ரூட்டரில் வளைத்து இழையுங்கள். பெட்டிக்கு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் ப்ளை. நம் ஈரத்துக்கு அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

வூஃபர் துளையின் உள்ஓரத்தையும் 45 டிகிரி சரித்துவிடுங்கள். 18 மி.மீ. கனத்தில் நேர்த்துளை போட்டால் கோனின் பின்பக்கக் காற்று குழாய்க்குள் மாட்டியது போல் திணறும். திருகு வரும் இடங்களில் மட்டும் மரத்தை விட்டுவிடுங்கள், டி-நட் (மரத்தில் பல் பதிக்கும் நட்) கடிக்க மரம் வேண்டும்.

நாகப்பட்டினம்

கடலோரத்துக்காரர்களுக்கு மட்டும்: இரும்புத் திருகு வேண்டாம், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடுங்கள். தேக்கு வெனீரில் இரும்பு பட்டு ஈரமும் சேர்ந்தால் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு கலந்து கறுப்பு வட்டம் விழும். தேய்த்தாலும் போகாது. சந்து அடைக்க சிலிகான் வாங்கும்போது வினிகர் வாடை அடிப்பதை ஒதுக்கிவிடுங்கள். காயும்போது அதிலிருந்து வரும் அமிலம் செம்பு முனையைப் பச்சையாக்கும். நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள். பழைய வூஃபர் எடுப்பவர்கள் கோனைச் சுற்றி ஃபோம் வளையம் உள்ளதை விட்டுவிட்டு ரப்பர் வளையம் பாருங்கள். ஃபோம் இந்தக் காற்றில் பிசுபிசுத்து உதிரும்.

மயிலாடுதுறை

கும்பகோணத்து அண்ணன் மழையில் எழும்பும் கோட்டைச் சொன்னார், நான் வெள்ளை பூப்பதைச் சொல்கிறேன். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடித்துப் பத்து நிமிடத்தில் பால் தெளித்தது போல் வெள்ளை பூக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகும், காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிந்து படலத்துக்குள் சிக்கிக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் இல்லை, மார்கழிப் பனியிலும் இதே கதைதான். காலை பத்து மணிக்கு முன்பும் சாயங்காலம் நான்குக்குப் பின்பும் ஸ்ப்ரே துப்பாக்கியைத் தொடாதீர்கள். பூத்துவிட்டால் பதறி உப்புத்தாள் போட வேண்டாம். வெயில் ஏறியதும் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மட்டும் மெல்லிசாக ஒரு கை தெளித்தால், படலம் இளகி ஈரம் வெளியேறி வெள்ளை தானாக மறையும்.

தேக்கு வெனீர் என்றால் ஒட்டியபின் 180, 320 உப்புத்தாள், தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைப்பு, சீலர் இரண்டு கோட், நடுவில் 400 தாள், கடைசியாக மேட் பியூ இரண்டு கோட். கம்ப்ரசர் டாங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுங்கள். அது துப்பாக்கி வழியே வந்தால் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக விழும்.

திருவாரூர்

பெட்டி மூடியதும் சோதனை. ஃபோனில் டோன் ஆப், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கருக்குத் தொடராக 100 ஓம் ரெசிஸ்டர், ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் ஏசி வோல்ட். 20 ஹெர்ட்ஸிலிருந்து 100 வரை மெதுவாக ஏற்றுங்கள். வோல்ட் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். நடுப்பள்ளம் எந்த ஹெர்ட்ஸில் இருக்கிறதோ அதுதான் உங்கள் ட்யூனிங். மன்னார்குடி சார் சொன்ன 42-ம் 45-ம் இதில் பளிச்சென்று தெரியும்.

அடுத்து 40 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு ஜாயின்ட் நெடுக ஊதுபத்தியை நகர்த்துங்கள். கசிவுள்ள இடத்தில் புகை உதறும். டெர்மினல் கப் (ஒயர் மாட்டும் கிண்ணம்) ஓரத்தில்தான் முக்கால்வாசி கசிவு, அங்கே கேஸ்கெட் வைக்காமல் திருகியிருப்பார்கள்.

உள்ளே என்ன பஞ்சு வைப்பது என்று கேட்டவர்களுக்கு: பின், மேல், பக்கச் சுவர்களில் 25 மி.மீ. பாலியெஸ்டர் தகடு. போர்ட் வாய்க்கு எதிரே மட்டும் காலியாக விடுங்கள். பருத்தி ஈரம் இழுக்கும். இலவம்பஞ்சு நாளடைவில் துகளாகிப் போர்ட் வழியே பறக்கும்.

கும்பகோணம்

ஒன்று விட்டுப்போச்சு. மாதக்கணக்கில் ஓடாத பெட்டியின் போர்ட்டுக்குள் குளவி மண்கூடு கட்டும். பேஸ் திடீரென்று மெலிந்தால் முதலில் டார்ச் அடித்து அங்கே பாருங்கள். குழாயின் உள்முனையில் பெரிய கண் உள்ள நைலான் வலையை இழுத்துக் கட்டினால் பெட்டிக்குள் போகாது. வாய்ப்பக்கத்தை, ஊரை விட்டுக் கிளம்பும்போது ஒரு துணிப்பந்தால் அடைத்துவிடுங்கள்.