திருவையாறு பெரிய வீடு (குடும்பக் குழு)

சனி, 20 செப்டம்பர் 2025

காலை 6:04
சேகர் சித்தப்பா: [பலமுறை பகிரப்பட்டது] அவசரம்!! அமெரிக்காவில் உள்ள எல்லா இந்தியர்களும் 24 மணி நேரத்தில் 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் விசா ரத்து. வெளியே போனவர்கள் திரும்ப முடியாது. உங்கள் சொந்தங்களுக்கு உடனே அனுப்பவும் 🙏🙏

6:05
சேகர் சித்தப்பா: கார்த்தி இங்கதானே இருக்கான்?

6:07
மீனா அத்தை: காலங்காத்தால என்னடா குண்டைத் தூக்கிப் போடுற

6:07
கோமதி சித்தி: அண்ணி, எள்ளு எவ்வளவு வாங்கட்டும்? கடை 7 மணிக்குத் தொறந்துருவான்

6:09
பெரியப்பா: கார்த்தி தூங்குறான். யாரும் எழுப்ப வேண்டாம்.

6:14
பிரியா அண்ணி: மாமா, தயவுசெஞ்சு அவரை எழுப்புங்க. போன் ஆஃப்ல இருக்கு. அது முழுப் பொய் இல்ல. ஆபீஸ்லேருந்து மெயில் வந்திருக்கு. எச்1பி வேலை விசாவுல வெளிய போனவங்க எல்லாம் கெடுவுக்கு முன்னாடி உள்ள வந்துருங்கன்னு

6:15
மீனா அத்தை: கெடு எப்போ

6:15
பிரியா அண்ணி: நாளைக்கு அத்தை

6:16
மீனா அத்தை: நாளைக்குத்தானே அப்பா தலை திவசம்!!

6:23
பாலு: எல்லாரும் கொஞ்சம் நிதானமா இருங்க. உத்தரவை முழுசாப் படிச்சுட்டுத்தான் எழுதுறேன். சின்ன மாமா அனுப்புனதுல பாதி தப்பு. டிரம்ப் நேத்து கையெழுத்து போட்டது நிஜம். 1 லட்சம் டாலரும் நிஜம், நம்ம காசுக்கு 88 லட்சம். ஆனா கட்ட வேண்டியது வேலைக்கு எடுக்கிற கம்பெனி, வேலைக்குப் போற ஆளு இல்ல. அதுவும் எச்1பிக்கு மட்டும். கிரீன் கார்டுகாரங்க, எஃப்1ல படிக்கிற பசங்க யாரும் இதுல வரமாட்டாங்க. அமலுக்கு வர்றது 21ஆம் தேதி, அமெரிக்கக் கிழக்கு நேரம் நள்ளிரவு 12:01. நமக்கு ஞாயித்துக்கிழமை காலை 9:31. 12 மாசம் நடப்புல இருக்கும்.

6:24
சேகர் சித்தப்பா: அப்ப நான் அனுப்புனது சரிதான் 👍

6:24
பாலு: இல்ல மாமா

6:31
பாலு: சிக்கல் எங்க இருக்குன்னா, முதல் பிரிவு "நாட்டுக்குள்ள நுழையிறது" பத்திப் பேசுது. அடுத்த பிரிவு, வெளிநாட்டுல இருக்கிற ஆளுக்கு மனு போடுற கம்பெனி பணம் கட்டுன அத்தாட்சியைக் கையில வச்சுக்கணும்னு பேசுது. மனு எப்பவோ பாஸாகி, பாஸ்போர்ட்டுல விசா ஸ்டாம்ப்போட ஊருக்கு வந்து நிக்கிற நம்ம கார்த்தி மாதிரி ஆளு எதுல சேர்த்தின்னு ஒரு வரி கூடக் கிடையாது. அதான் கம்பெனி வக்கீல்கள் எல்லாம் "எதுக்கும் வந்துரு"ங்கிறாங்க. இதுல வர்த்தகச் செயலர் லட்னிக் வேற வருஷா வருஷம் கட்டணும்னு பேசிட்டார். உத்தரவுல அப்படி ஒரு வார்த்தையே இல்ல.

6:32
கோமதி சித்தி: எள்ளு???

6:33
மீனா அத்தை: கால் கிலோ. கருப்பு. போன அமாவாசைக்கு வாங்குன மாதிரி வெள்ளையை வாங்கிட்டு வந்துராத

6:33
கோமதி சித்தி: அது நான் வாங்கல அண்ணி

6:50
கார்த்தி: எந்திரிச்சுட்டேன். படிச்சுட்டேன். பாலு, கிளம்பணுமா வேண்டாமா? ஒரு வார்த்தையில சொல்லு

6:58
பாலு: ஒரு வார்த்தையில முடியாது மாப்ள. கணக்கைப் பாரு. டெல்லியிலேருந்து நியூயார்க் 16 மணி நேரம்னு வை. பாகிஸ்தான் வான்வெளி ஏப்ரல்லேருந்து நம்ம நாட்டு விமானங்களுக்கு மூடியிருக்கு, அதனால இன்னும் கூடத்தான் ஆகும். அங்க இறங்கி இமிக்ரேஷன் வரிசைக்கு ஒரு மணி நேரம். அப்ப டெல்லியில சாயங்காலம் 4 மணிக்கு விமானம் மேல ஏறியிருக்கணும். நீ திருவையாத்துல லுங்கியோட உக்காந்திருக்க. திருச்சி ஒண்ணரை மணி நேரம், அங்கேருந்து சென்னை, சென்னையிலேருந்து டெல்லி மூணு மணி நேரம். ஒரு கனெக்‌ஷன் தப்புனாலும் காசும் போச்சு, திதியும் போச்சு.
இன்னொரு வழி அபுதாபி. அமெரிக்க இமிக்ரேஷன் சோதனை அங்கேயே நடக்கும். சென்னையிலேருந்து நாலரை மணி நேரம்தான், நம்ம 9:31 அங்க 8:01. ஆனா அங்க முத்திரை குத்துனதே நுழைஞ்ச கணக்கா, இல்ல அமெரிக்காவுல தரை இறங்குனாத்தான் கணக்கான்னு வாதம் வரும். அதை நம்பி 2 லட்சத்துக்கு டிக்கெட் போடச் சொல்ல மாட்டேன்.

7:01
பெரியப்பா: தாத்தா தவறுனப்பவும் ஸ்டாம்பிங் ஸ்டாம்பிங்னு சொன்னான். இப்பவும் ஏதோ சொல்றான். அவன் இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லல.

7:02
மீனா அத்தை: அண்ணே

7:02
மீனா அத்தை: புள்ள என்ன பண்ணுவான்

7:10
பாலு: மாப்ள, மூணு விஷயம் பார்த்துச் சொல்லு. ஸ்டாம்ப் எதுவரைக்கும்? மனு பாஸானதுக்கான கடிதம், ஐ-797 ஒரிஜினல் கையில இருக்கா? பாஸ்போர்ட் எப்ப முடியுது?

7:16
கார்த்தி: ஸ்டாம்ப் 2027 ஜூன். 797 இருக்கு. பாஸ்போர்ட் 2026 மார்ச்

7:24
பாலு: எனக்கு 1 லட்சம் டாலரை விட அந்த மார்ச்தான் பெரிய கவலை. உள்ள விடும்போது எந்தத் தேதி வரைக்கும் இருக்கலாம்னு ஐ-94ன்னு ஒரு பதிவு போடுவாங்க. மனு 2027 வரைக்கும் இருந்தாலும் ஐ-94 தேதியைப் பாஸ்போர்ட் முடியிற நாளோட வெட்டிருவாங்க. நிறைய பேர் ஸ்டாம்ப் தேதியை மட்டும் பார்த்துட்டு இதைக் கவனிக்கிறதே இல்ல. மார்ச் தாண்டுனா சட்டப்படி நீ அங்க இருக்கவே கூடாது. எப்பப் போனாலும் இறங்குன அன்னிக்கே இணையத்துல ஐ-94ஐ எடுத்துத் தேதியைப் பாரு. முடிஞ்சா இங்கேயே தத்கால்ல பாஸ்போர்ட்டைப் புதுப்பிச்சுட்டுப் போ. பழசை ரத்து பண்ணித் திருப்பித் தருவாங்க. அதுல இருக்கிற ஸ்டாம்ப் செல்லும், ரெண்டையும் சேர்த்துக் கொண்டு போகணும். ஸ்டாம்ப் இருக்கிற பக்கத்துல முத்திரை விழாமப் பார்த்துக்க.

7:25
கார்த்தி: ம்

7:40
விக்கி: பெரியப்பா, தாத்தா லேப்டாப்புல மூதாதையர் பேர் ஃபைல் கிடைச்சுருச்சு. ஆனா எல்லாம் இங்கிலீஷ் எழுத்தாக் கிடக்கு. தலைப்புல ஜே கே பி ஓ செமிகோலன்னு இருக்கு

7:41
பெரியப்பா: நாளைக்கு ஐயர் கேப்பார். அந்தப் பேர் வேணும். என்கிட்ட மூணு தலைமுறைதான் இருக்கு.

7:43
பாலு: ஜே கே பி ஓ செமிகோலன்னா "தமிழ்". பாமினி எழுத்துருல அடிச்சது. ஃபைல் கெடல, எழுத்துருதான் இல்ல. அந்த லேப்டாப்புல அது எப்பவும் இருக்குமே?

7:44
மீனா அத்தை: போன மாசம் சேகர் அதை ஃபார்மட் பண்ணக் குடுத்தான்

7:44
சேகர் சித்தப்பா: ஸ்லோவா இருந்துச்சு

7:45
மீனா அத்தை: அப்பா சாமானை யாரைக் கேட்டுக் குடுத்த

7:52
பாலு: சரி விடுங்கம்மா. ஃபார்மட் பண்ணும்போது சி டிரைவ் போயிருச்சு, எழுத்துரு அதுக்குள்ள இருந்தது. ஃபைல் டி டிரைவ்ல இருந்ததால தப்பிச்சுது. விக்கி, அந்த எழுத்தை அப்படியே காப்பி பண்ணி யூனிகோடு மாத்துற தளத்துல போடு. மூல எழுத்துரு கேக்கும், பாமினின்னு குடு. தாப், தாம், வானவில்னு வேற எதையாவது குடுத்தா இன்னும் கந்தலாகும்.

8:20
விக்கி: லேப்டாப்புல நெட் இல்ல அத்தான், ஃபார்மட் பண்ணவர் வைஃபை டிரைவர் போடல. அதனால ஸ்கிரீனைப் பார்த்து போன்ல தட்டி மாத்துனேன். இந்தாங்க:
குந்தசாமி
முருதமுத்து
குமலாம்பாள்
சுந்தரம்
குஞ்சம்மாள்

8:21
கோமதி சித்தி: குந்தசாமியா 😂😂

8:21
சேகர் சித்தப்பா: எங்க குந்துனாராம்

8:22
பெரியப்பா: விளையாடாதீங்க. அவர் கந்தசாமி.

8:29
பாலு: விக்கி, தப்பு உன் போன் கீபோர்டுல. பாமினியில சின்ன எழுத்து வேற, பெரிய எழுத்து வேற. சின்ன எஃப் அடிச்சா க, பெரிய எஃப் அடிச்சா கு. சின்ன கே ம, பெரிய கே மு. போன்ல வரி ஆரம்பிச்சாலே முதல் எழுத்தைத் தானாப் பெருசாக்கிரும். அதான் வரிக்கு வரி தலையில ஒரு உகரம் ஏறி உக்காந்திருக்கு. அதுக்காக எல்லாத்தையும் இறக்கிராத, சுந்தரம் நிஜமாவே சுந்தரமா இருக்கும். ஸ்கிரீன்ல முதல் எழுத்து சின்னதா பெருசான்னு ஒவ்வொண்ணாப் பாரு. இல்லைன்னா போனைக் கேபிள்ல லேப்டாப்போட மாட்டி யூஎஸ்பி டெதரிங் போடு. வைஃபை டிரைவர் இல்லாமயே நெட் வரும், கை படாமக் காப்பி பண்ணலாம்.

8:41
விக்கி: ஆமா அத்தான். கந்தசாமி, மருதமுத்து, கமலாம்பாள். சுந்தரமும் குஞ்சம்மாளும் பெரிய எழுத்துதான்

8:41
சேகர் சித்தப்பா: கஞ்சம்மாள்னு இருந்தா மீனான்னு நினைச்சேன்

8:42
மீனா அத்தை: வர்றேன்டா நாளைக்கு

8:43
மீனா அத்தை: அண்ணே, குஞ்சம்மாள் யாரு?

8:50
மீனா அத்தை: அண்ணே?

8:58
பெரியப்பா: அதை இங்க பேச வேண்டாம்.

8:58
சேகர் சித்தப்பா: மூத்த தாரம்

8:59
மீனா அத்தை: யாருக்கு???

9:15
விக்கி: அத்தான், லேப்டாப்புல விண்டோஸ் 10 அக்டோபர் 14ஓட முடியுதுன்னு வருது. புதுசு வாங்கிரலாமா? திங்கக்கிழமை ஜிஎஸ்டி வேற குறையுதாம்

9:27
பாலு: லேப்டாப்புக்குக் குறையல. அது முன்னாடியும் 18, இப்பவும் 18. ஏசி, 32 இஞ்சுக்கு மேல டிவி இதெல்லாம்தான் 28லேருந்து 18க்கு வருது. தாத்தாவோடது அஞ்சாவது தலைமுறை ஐ3. விண்டோஸ் 11 எட்டாவது தலைமுறைக்குக் கீழ ஏத்துக்காது, டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப்பும் வேணும். ஆனா 14ஆம் தேதி ஒண்ணும் நின்னுராது, பாதுகாப்பு அப்டேட் வராது, அவ்வளவுதான். அப்டேட் பக்கத்துல இன்னும் ஒரு வருஷத்துக்குப் பதிவு பண்ணிக்கலாம், 2026 அக்டோபர் 13 வரைக்கும் வரும். பதிப்பு 22எச்2வா இருக்கணும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேணும். செட்டிங்ஸை அந்தக் கணக்குல பேக்கப் வச்சா இலவசம், இல்லைன்னா 30 டாலர்.
ஸ்லோவுக்குக் காரணம் உள்ள இருக்கிற பழைய ஹார்ட் டிஸ்க். ரெண்டரை இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன்ல வாங்கிப் போடு. ராம் மாத்துனா டிடிஆர்3எல்னு கேட்டு வாங்கு, எல் இல்லாதது 1.5 வோல்ட், இதுல ஓடாம மக்கர் பண்ணலாம். டிடிஆர்4க்கு வெட்டு வேற இடத்துல இருக்கும், அழுத்திராத. சின்ன மாமா இதைக் கேட்டிருந்தா ஃபார்மட்டே தேவைப்பட்டிருக்காது.

9:28
சேகர் சித்தப்பா: டிவி திங்கக்கிழமையா

9:40
மீனா அத்தை: நாளைக்குச் சூரிய கிரகணமாமே, திதி குடுக்கலாமா?

9:42
பாலு: அது நம்ம நேரம் ராத்திரி 10:59க்கு ஆரம்பிக்குதும்மா. ராத்திரியில நமக்கு ஏது சூரியன்? தாராளமாக் குடுக்கலாம்.

11:10
பிரியா அண்ணி: டிக்கெட் ஏறிக்கிட்டே போகுது. 1 லட்சத்து 90. போடவா வேண்டாமா? யாராவது சொல்லுங்க

11:12
பெரியப்பா: அவனைக் கேளும்மா.

11:30
கார்த்தி: மதியம் சொல்றேன்

மாலை 5:45
பாலு: மாப்ள, டெல்லிக் கணக்கு முடிஞ்சுது. சொன்னியா இல்லையா?

5:58
கார்த்தி: சொல்லல

5:59
கார்த்தி: அப்பாகூட வாழைஇலை அறுத்துக்கிட்டிருக்கேன்

ஞாயிறு, 21 செப்டம்பர் 2025

அதிகாலை 2:12
பிரியா அண்ணி: வந்துருச்சு!!! ஏற்கெனவே பாஸான மனுவுக்குக் கிடையாதாம். விசா கையில இருக்கிறவங்க போகலாம் வரலாமாம்

2:20
பாலு: பஸ்ல இருக்கேன், இப்பத்தான் படிச்சேன். அமெரிக்கக் குடியேற்றத் துறை யூ.எஸ்.சி.ஐ.எஸ் 20ஆம் தேதி போட்ட குறிப்பு. கெடு நேரத்துக்கு அப்புறம் போடுற மனுவுக்கு மட்டும்தான் பணம். வருஷா வருஷம் இல்ல, ஒரே தடவைதான்னு வெள்ளை மாளிகையும் சொல்லிருச்சு. கார்த்திக்குப் பிரச்சினை இல்ல. அந்தக் குறிப்பைப் பிரிண்ட் எடுத்து 797ஓட வச்சுக்க, இறங்குற இடத்துல இருக்கிற ஆபீசருக்கும் இது புதுசுதான். அங்கேயே இருந்துக்கிட்டு கம்பெனி மாறுனா பணம் உண்டா இல்லையான்னு இந்தக் குறிப்புல தெளிவா இல்ல. அது தெளியிற வரைக்கும் வேலை மாத்துற பேச்சு வேண்டாம்.

2:21
பிரியா அண்ணி: நன்றி பாலு அண்ணா 🙏 அவர் போன் மறுபடியும் ஆஃப்ல இருக்கு

5:30
சேகர் சித்தப்பா: [பலமுறை பகிரப்பட்டது] அமெரிக்கா பணிந்தது!! 1 லட்சம் டாலர் முழுவதும் ரத்து!!

5:31
பாலு: ரத்து ஆகல மாமா

6:40
கார்த்தி: பார்த்தேன். சரி, பாஸ்போர்ட்டுக்குத் தத்கால் நாளைக்குப் போட்டா 27ஆம் தேதி டிக்கெட்டுக்குள்ள வந்துருமா?

6:44
பாலு: போலீஸ் விசாரணை பின்னாடிதான் வருங்கிறதால பாஸ்போர்ட் சீக்கிரம் வரலாம். ஆனா 27ஐ நம்பி இருக்காத, டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளு

6:45
பெரியப்பா: ஒரு வாரம் இருக்கட்டும்.

6:46
பிரியா அண்ணி: மாமா, லீவு இல்ல

7:50
கோமதி சித்தி: புஷ்ய மண்டபப் படித்துறையில இப்பவே கால் வைக்க இடமில்ல. சீக்கிரம் வாங்க

8:35
பெரியப்பா: விக்கி, அந்தப் பேர் பேப்பரை எடுத்துக்கிட்டு வா. ஐயர் வந்துட்டார்.

8:36
விக்கி: அஞ்சு பேரும் எழுதியிருக்கேன் பெரியப்பா. குஞ்சம்மாள் இருக்கட்டுமா, எடுத்துரட்டுமா?

8:37
சேகர் சித்தப்பா: இருக்கட்டும்

8:37
மீனா அத்தை: யாருன்னு சொன்னாத்தான்

8:52
விக்கி: பெரியப்பா??

9:31
விக்கி: கெடு முடிஞ்சுது 🙂

9:33
கோமதி சித்தி: போனை வச்சுட்டு வாடா. கார்த்தி கை நீட்டிக்கிட்டு நிக்கிறான், எள்ளு உன் பையிலதான் இருக்கு