மறு: லாஸ்ட் மைல் – ‘கடைமடை இணைப்பு’ என்பதே என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

இணையக் கேபிள் ஊராட்சி வரை வந்த பிறகு அங்கிருந்து வீடு, பள்ளி, கடை வரை போக வேண்டிய கடைசிப் பகுதியை ஆங்கிலத்தில் ‘லாஸ்ட் மைல்’ என்கிறார்கள். இதற்குத் தமிழில் இதுவரை ‘இறுதி மைல்’, ‘கடைசிக் கல்’, ‘முனைய இணைப்பு’ என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான் ‘கடைமடை இணைப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். காவிரிப் பாசனத்தின் கடைமடையில் இருக்கும் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆள் வேறு என்ன சொல்வான் என்று நீங்கள் நினைக்கலாம். ஊர்ப்பாசத்தால் இதைச் சொல்லவில்லை. ஊரக அகலப்பட்டை (பிராட்பேண்ட்) பற்றி நாடாளுமன்றத்தில் அமைச்சர் தரும் பதிலைத் தமிழாக்கிக் கிராம சபையில் படிக்கும் வேலை எங்களிடம் இருக்கிறது. அந்த வேலையில் இந்த ஒரு சொல் இல்லாமல் தடுமாறுகிறோம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாட்களுக்கு நாங்கள் சிலர் சேர்ந்து, அரசுத் திட்டங்களைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு தயாரிக்கிறோம். இணையம் பற்றிய குறிப்பு என்றால் யாரும் எழுந்து போவதில்லை. சம்பா பயிர்க் காப்பீடு, நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கான முன்பதிவு, சிட்டா, அடங்கல், ரேஷன் கடைக் கைரேகை என்று அன்றாடக் காரியங்கள் எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டன. நவம்பரில் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கும்போது இ-சேவை மையத்து வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நடவு முடித்த கையோடு வந்து, இணைப்பு கிடைக்காமல் மறுநாளும் வரச்சொல்லித் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் அங்கே இருப்பார்கள்.

அமைச்சரின் பதில்கள் எப்படி அமைகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமில்லாக் கேள்விகளும் பட்டியலில் வரும். முதல் வகைக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார், உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம். இரண்டாவது வகைக்கு எழுத்தில் மட்டும் பதில் வரும், துணைக் கேள்விக்கு இடமில்லை. எங்கள் கைக்கு வருபவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். உறுப்பினர் (அ), (ஆ), (இ) என்று பிரித்துப் பிரித்துக் கேட்டிருப்பார். பதிலோ ‘(அ) முதல் (ஈ) வரை’ என்று ஒரே மூச்சில் வந்திருக்கும். ‘இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?’ என்று திருப்பிக் கேட்க அவையில் வழியில்லை. ஆகவே அச்சில் இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் நாம்தான் சரியாக எடைபோட வேண்டியிருக்கிறது.

அந்தப் பதில்களில் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘சர்வீஸ் ரெடி’. கிராம ஊராட்சிகளுக்கு ஒளியிழை (ஆப்டிகல் ஃபைபர்) வழியாக இணையம் கொண்டுபோகவென்று 2011 அக்டோபரில் தேசிய ஒளியிழை வலையமைப்பு என்ற பெயரில் ஒப்புதல் பெற்று, பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறிய ஒன்றிய அரசுத் திட்டத்தில், 2025 தொடக்கத்தில் 2.14 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் ‘சர்வீஸ் ரெடி’ என்று அரசு கூறியது. அதே காலத்துக் கணக்கில், திட்டத்தின் வழியாகத் தரப்பட்ட வீட்டு ஒளியிழை இணைப்புகள் ஏறத்தாழ 12 லட்சம். வகுத்துப் பாருங்கள், ஊராட்சிக்குச் சராசரியாக ஆறு வீடுகூடத் தேறவில்லை. அமைச்சர் எதையும் மறைக்கவில்லை. இரண்டு எண்களையும் அவர்தான் தருகிறார். ஆனால் தமிழில் செய்தியாக வரும்போது முதல் எண் ‘2.14 லட்சம் கிராமங்களுக்கு இணைய வசதி’ என்று ஆகிவிடுகிறது, இரண்டாவது எண் காணாமல் போய்விடுகிறது. அமைச்சர் சொன்னதைவிட அதிகமாக நம் தமிழ் சொல்லிவிடுகிறது. கலைச்சொல் இல்லாததால் விளையும் கேடு இது. மொழிபெயர்ப்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், பிடித்துக்கொள்ளச் சொல் இல்லாதபோது பக்கத்தில் இருக்கும் ‘வசதி’, ‘இணைப்பு’ என்ற பொதுச் சொற்களில்தான் போய் விழுவார்.

‘சர்வீஸ் ரெடி’ என்றால் உண்மையில் என்ன என்பதை எங்கள் ஊரிலேயே பார்க்கலாம். கிராம சேவை மையக் கட்டடத்தின் உள்சுவரில் ஓர் இரும்புப் பெட்டி. கதவைத் திறந்தால் கருவியில் பச்சை விளக்கு எரிகிறது. கீழே பேட்டரி இருக்கிறது. கருவியின் துறைகளில் (போர்ட்) ஒன்றில்கூடக் கம்பி செருகப்படவில்லை. வெளியே மின்கம்பத்தில் மிச்சக் கேபிள் கறுப்பு வளையமாகச் சுற்றிக் கட்டப்பட்டுத் தொங்குகிறது. அந்தக் கம்பத்திலிருந்து அறுபது அடியில் ரேஷன் கடை. விற்பனையாளர் கைரேகைக் கருவியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து சிக்னல் தேடுகிறார், ஏனென்றால் அந்தக் கருவிக்குள் இருப்பது செல்போன் சிம். எங்கள் ஊராட்சி ‘சர்வீஸ் ரெடி’ கணக்கில் இருக்கிறது. கணக்கு பொய்யில்லை. ஒளி ஊராட்சி வரை வந்திருக்கிறது, அறுபது அடியைத் தாண்டவில்லை.

இதனால்தான் ‘இறுதி மைல்’ எனக்கு உவப்பில்லை. அறுபது அடியை மைல் என்று எப்படி எழுதுவது? மைல் நம் சாலைகளை விட்டுப் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. அதைவிட முக்கியமாக, இந்தச் சிக்கல் தூரத்தைப் பொறுத்ததில்லை. பொதுக் கால்வாயிலிருந்து தனி வயலுக்குத் திரும்பும் இடம் எதுவோ அதைப் பொறுத்தது. அந்த இடத்துக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது: மடை. வரிசையில் கடைசியாக இருப்பது கடைமடை.

டெல்டாவில் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறப்பு ஒரு செய்தி. சில நாட்கள் கழித்துக் கல்லணை திறப்பு இன்னொரு செய்தி. ‘கடைமடைக்குத் தண்ணீர் வந்தது’ அல்லது ‘வரவில்லை’ என்பது மூன்றாவது செய்தி, அதற்குத்தான் பேராவூரணியிலும் சேதுபாவாசத்திரத்திலும் தலைஞாயிறிலும் காத்திருப்பார்கள். கல்லணையில் திறந்துவிட்டதால் பாசனம் நடந்துவிட்டது என்று எந்த அதிகாரியும் எங்களிடம் சொல்ல முடியாது. சொன்னால் கேட்க ஆளிருக்கிறது. கேட்பதற்குச் சொல்லும் இருக்கிறது. ‘கடைமடை இணைப்பு எத்தனை?’ என்று ஒருவர் கிராம சபையில் எழுந்து கேட்டால், அந்தக் கேள்வியை யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. ‘இறுதி மைல் இணைப்பு எத்தனை?’ என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவரே புரியாமல் பார்ப்பார்.

இனி, தனி மடலில் வந்த மறுப்புகள்.

‘கடை என்றால் தாழ்ந்தது என்ற பொருளும் உண்டே, ஒரு பகுதி மக்களைக் குறைத்துச் சொன்னதாகாதா?’ என்று சேலத்து நண்பர் கேட்டார். அக்கறையான கேள்வி. ஆனால் ‘கடைமடை விவசாயிகள்’ என்பது அவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் பெயர். மனுவிலும் மறியல் பதாகையிலும் அவர்களே எழுதுவது. அங்கே அந்தச் சொல் குறைவைச் சொல்லவில்லை, உரிமையைச் சொல்கிறது. ‘தலைமடைக்காரர் எடுத்தது போக மிச்சம்’ என்பதை ஏற்க மறுக்கும் குரல் அதில் இருக்கிறது. இந்தக் கலைச்சொல்லுக்கும் அந்தக் குரல் வேண்டும் என்றே நான் விரும்புகிறேன்.

‘தண்ணீர் வழியில் குறைந்துகொண்டே வரும், தரவு அப்படியில்லையே?’ என்பது இன்னொரு மறுப்பு. பகிர்வு இங்கேயும் உண்டு. ஒரே ஒளியிழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஜிபான் (GPON) முறையில், ஒரு துறையிலிருந்து கிளம்பும் நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட்டைப் பிரிப்பான்கள் வழியாக 32 அல்லது 64 முனைகள் பகிர்ந்துகொள்கின்றன. மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் எல்லோருக்கும் மெலிகிறது. இன்னொன்றும் இருக்கிறது. கேபிள் ஊர் ஊராக நேர்கோட்டில் போகும்போது மேலே ஓரிடத்தில் அறுந்தால் கீழே உள்ள ஊராட்சிகள் அத்தனையும் அணைந்துபோகும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்ட பிறகு, கம்பம் வழிக் கேபிள் என்றால் எங்களுக்கு அந்தக் கவலை முதலில் வருகிறது.

ஒரு வரம்பை நானே சொல்லிவிட வேண்டும். 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் திட்டம், ஊராட்சி ஒன்றியத்துக்கும் (பிளாக்) ஊராட்சிக்கும் இடையே நேர்கோட்டை விட்டுவிட்டு வளைய அமைப்புக்கு மாறுகிறது. ஒரு பக்கம் அறுந்தால் மறு பக்கம் சுற்றி வரும். வளையத்தில் கடைசி என்று எதுவும் இல்லை. ஆகவே ஒன்றியம் முதல் ஊராட்சி வரையிலான பகுதிக்குக் ‘கடைமடை’யைப் பயன்படுத்தக் கூடாது. ஊராட்சியிலிருந்து வீடு, பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை வரை போவதற்கு மட்டுமே அந்தச் சொல். ஒன்றியம் முதல் ஊராட்சி வரையிலான அந்த நடுப்பகுதியைக் குறிக்கும் ‘மிடில் மைல்’ என்பதற்கு ‘இடைமடை’ என்று சிலர் சொன்னார்கள், எனக்கும் சம்மதம். ஆனால் முதன்மை வலையமைப்பைக் குறிக்கும் ‘பேக்போன்’ என்பதைத் ‘தலைமடை’ ஆக்க வேண்டாம். ‘முதுகெலும்பு வலையமைப்பு’ ஏற்கெனவே வழக்கில் நின்றுவிட்டது. வரிசை அழகுக்காக நின்ற சொல்லைப் பிடுங்குவது கலைச்சொல்லாக்கத்துக்கு நல்லதில்லை. கூரியர்காரர்களின் ‘லாஸ்ட் மைல் டெலிவரி’க்கும் இதை இழுக்க வேண்டியதில்லை, ‘வீடு சேர்ப்பு’ போதும்.

‘சர்வீஸ் ரெடி’க்கு ‘ஆயத்த நிலை’ என்று எழுதலாம். ‘2.14 லட்சம் ஊராட்சிகள் ஆயத்த நிலையில் உள்ளன; கடைமடை இணைப்புகள் 12 லட்சம்’ என்று எழுதினால் அமைச்சரின் பதில் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் வந்துவிடுகிறது. திருத்திய திட்டத்தில் ஐந்தாண்டுகளில் 1.5 கோடி ஊரக வீட்டு இணைப்புகள் தரும் இலக்கு வைத்திருக்கிறார்கள். அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கும் ஊரக ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அகலப்பட்டை தரப்படும் என்று 2025 பிப்ரவரி 1 பட்ஜெட் உரை சொல்கிறது. இவை கடைமடையில்தான் நிறைவேற வேண்டும். வருகிற பதில்களில் எந்த எண்ணைத் தேட வேண்டும் என்று மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சொல் மட்டும் இன்னும் தீரவில்லை, உங்கள் உதவி வேண்டும். திருத்திய திட்டத்தில் ஊராட்சித் தலைமையிடம் அல்லாத ஏறத்தாழ 3.8 லட்சம் கிராமங்களுக்கு ‘ஆன் டிமாண்ட்’ முறையில் இணைப்பு என்கிறார்கள். தமிழ்ச் செய்திகளில் இது ‘தேவையின் அடிப்படையில்’ என்று வருகிறது. தேவை என்றால் அதிகாரி மதிப்பிட்டுச் சொல்வது என்று பொருளாகிறது. இங்கே கருத்து வேறு: ஊரார் கேட்க வேண்டும், கேட்டால் தரப்படும். எங்கள் ஊராட்சியிலேயே தலைமை ஊரை விட்டு ஒதுங்கிய குக்கிராமங்கள் இருக்கின்றன. தேவை இருப்பதை யாரோ கண்டுகொள்வார்கள் என்று அவர்கள் காத்திருந்தால் காலம் போய்விடும். ‘கோரிக்கையின் பேரில்’ என்று நான் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம், அலுவலக வாசனையும் அடிக்கிறது. ‘கேட்புவழி இணைப்பு’ என்று சென்னை நண்பர் சொன்னார். சுருக்கமாக இருக்கிறது, ஆனால் ‘கேட்பு’ என்றதும் இழப்பீட்டுக் கேட்பு நினைவுக்கு வருமோ என்று தயங்குகிறேன்.

நவம்பர் 1 கிராம சபைக் குறிப்பு அச்சுக்குப் போவதற்குள் இதை முடிவு செய்ய வேண்டும். ‘கடைமடை இணைப்பு’, ‘இடைமடை’, ‘ஆயத்த நிலை’ மூன்றையும் தமிழக அரசின் சொல் தொகுப்பான சொற்குவைக்கு அனுப்ப வரையறையோடு எழுதி வைத்திருக்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். ‘ஆன் டிமாண்ட்’ பற்றி, குறிப்பாகக் குக்கிராமங்களில் இருப்பவர்கள், அந்தக் குறிப்பைக் காதால் கேட்டால் எந்தச் சொல் கேட்டு மனு எழுதத் தோன்றும் என்று யோசித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
திருத்துறைப்பூண்டியிலிருந்து