ரோஸ்தெர்ன் வீட்டுக் கணக்கு: 2011-ஐ என்ன செய்வது?

வணக்கம். கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்துச் சிறு நகரமான ரோஸ்தெர்னுக்கு 2006 முதல் 2021 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலிருந்து சொந்த வீடு, வாடகை வீடு, வீடு கட்டிய காலம் ஆகியவற்றை ஒரே அட்டவணையில் கொண்டுவர வேண்டும். சுற்றியுள்ள ரோஸ்தெர்ன் எண் 403 கிராம நகராட்சி தனிக் கணக்கு, அதைச் சேர்க்கவில்லை. சராசரிக் குடும்ப அளவுக்கு மொத்த மக்கள்தொகையை எடுக்கவில்லை, முதியோர் இல்லவாசிகளும் அதில் வந்துவிடுவார்கள். இல்லம், விடுதி போன்றவை அல்லாத சாதாரண வீடுகளில் வசிப்பவர்களை, ஆள் குடியிருக்கும் வீடுகளால் மட்டுமே வகுத்திருக்கிறோம்.

சிக்கல் 2011-இல்தான். அந்த ஆண்டு கணக்கெடுப்பின் நீண்ட படிவம் (மாதிரியாகத் தேர்ந்தெடுத்த சில வீடுகளிடம் மட்டும் விரிவாகக் கேட்பது) கட்டாயமாக இல்லை, விருப்பப் படிவமாக இருந்தது. வீட்டு வகையும் குடும்ப அளவும் எல்லா வீடுகளுக்குமான கட்டாயக் கணக்கெடுப்பில் வந்தவை, அவற்றை நம்பலாம். சொந்தமா வாடகையா என்பது விருப்பப் படிவத்தில் வந்தது. பதில் தராதவர்கள் யார் என்பதைப் பொறுத்து எண் சாய்ந்துவிடும். போதாததற்கு எண்கள் தற்செயலாக மேலோ கீழோ 5-இன் மடங்காக மாற்றப்படுகின்றன: அட்டவணையில் 10 என்றால் உண்மையில் 6 முதல் 14 வரை எதுவாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட கட்டத்தில் சதவீதம் போடுவது தவறு.

ஒரு சோதனை கைகொடுக்கிறது: 1960-க்கு முன் கட்டிய வீடுகள் இடிபட்டுக் குறையலாம், கூடுவது அரிது. கூடியிருந்தால் பெரும்பாலும் மாதிரிப் பிழைதான்.

வாடகை வீடுகளுக்கு இப்படியொரு சோதனை உண்டா? 2006-க்கும் 2016-க்கும் நடுவே நேர்கோடு போடலாமா, 2011-ஐக் காலியாக விடுவதா? சிறு ஊர்களின் கணக்கைக் கையாண்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.