மயக்க ஊசி, மரத்துப்போற ஊசி: கால்நடை வைத்திய வேலையில இருக்கறவங்களே, உங்களால மறக்க முடியாத கேஸ் எது?

குடியாத்தம் ஆய்வாளர்:
கொம்புல புத்துநோய் வந்த எருது. இதைப் பார்க்காத ஆள் இங்க இருக்க மாட்டீங்க, அதனால நாத்தம், புழு கதையெல்லாம் விட்டுடறேன். மாட்டைச் சாய்ச்சுக் கட்டியாச்சு, லேசா மயக்கத்துக்கு சைலசின் போட்டாச்சு. கொம்பு நரம்பு மரத்துப்போக 2 சதவீத லிக்னோகைன் 10 மில்லி, டாக்டர் இடம் காட்ட, போட்டது நான்தான். வெளிய சினை ஊசிக்கு மாடுங்க வரிசையா நிக்குது. கொம்படியில ஊசியால குத்திப் பார்த்தோம், அசையல. கம்பியைப் போட்டுக் கொம்பை அறுக்க ஆரம்பிச்சோம்.

மாடு கத்தவே இல்ல. தலைமாட்டுல கயிறு பிடிச்சிருந்த பெரியவர்தான் "நைனா, நிறுத்துப்பா, பல்லக் கடிக்குது"ன்னார். கம்பி சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. இழுத்துகினே இருந்தேன். அவர் என் கையைப் புடுங்கி மாட்டுத் தாடையில வெச்சார். உள்ள நறநறன்னு அரையுறது உள்ளங்கையில தெரிஞ்சது.

நிறுத்தினோம். மறுபடி ஊசி போட்டு ஒரு டீ குடிச்சுட்டு வர்ற நேரம் விட்டோம். அப்புறம் தாடை சும்மா இருந்தது, கொம்பும் போச்சு, மாடும் பொழைச்சது. 11 வருஷம் ஆகுது. முதல் தடவையே அந்த டீயைக் குடிச்சிருக்கலாம்னு தோணும்.

ஆம்பூர் தெருநாய் டீம்:
என்னோடது சின்னது. கருத்தடைக்குப் பிடிச்சு வந்த செவல நாய், மயக்கத்துக்கு சைலசினும் கெட்டமினும். கெட்டமின்ல கண்ணு மூடாது, காஞ்சுடும்னு எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு கண்ணு மருந்து டியூப் தீர்ந்துபோச்சு, அடுத்த நாய்க்கு வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன். தையல் போடற வரைக்கும் வயித்தையே பார்த்துனு இருந்தேன். நிமிர்ந்தா, திறந்த கண்ணு மேல ஒரு ஈ உக்காந்து காலைத் தேய்க்குது. கண்ணு சிமிட்டல. மறுநாள் கூண்டுல பார்த்தா கருவிழி மேல பால் ஊத்தின மாதிரி நீலப் படலம். சலைன்ல நனைச்ச பஞ்சு வெச்சிருந்தாலே போதும், அது என் கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்தது.

பேரணாம்பட்டு ஓய்வு:
குடியாத்தம் தம்பிக்கு ஒண்ணு. டீ குடிக்காததுதான் காரணம்னு நீங்களே முடிவு கட்டிட்டீங்க. நான் ஒத்துக்க மாட்டேன். 10 மில்லி சரியான இடத்துல போயிருந்தா அஞ்சு பத்து நிமிஷத்துல மேல் இமையே தொங்கிடும். அதைப் பார்த்தீங்களா? அதுவும் இல்லாம, கண்ணுக்கும் கொம்புக்கும் நடுவுல போடற ஊசி கன்னுக்குட்டிக்குப் போதும். பெரிய கொம்பு வெச்ச எருதுக்குக் கொம்புக்குப் பின்னாடி கழுத்துல இருந்து வேற நரம்பு வருது. அங்கயும் வளைச்சுப் போடணும். முன்பக்கம் குத்திப் பார்த்தா அசையாது, கம்பி பின்பக்கம் வந்ததும் பல்லைக் கடிக்கும். ஆட்டுக்கு இன்னும் மோசம், ஒவ்வொரு கொம்புக்கும் ரெண்டு நரம்பு. மாட்டுக்குப் போடற கணக்குல லிக்னோகைனை ஏத்தினா ஆடு வலிப்பு வந்து செத்துடும்.

என் கேஸா? பொய்கை சந்தையில வாங்கினு வந்த கலப்பினப் பசு, குளம்பு அறுக்க சைலசின். பாட்டில் மில்லிக்கு 20 மில்லிகிராமா 100 மில்லிகிராமான்னு யாரும் பார்க்கல. சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்கல, இடது வயிறு தம்பட்டம் மாதிரி. வைக்கோல் மூட்டை அண்டக் குடுத்து நெஞ்சு மேல உக்கார வெச்சு, குழாய் விட்டுக் காத்து எடுத்தோம். அவ்வளவுதான்.

சின்னப் பசங்க கேட்டுக்கோங்க. குதிரைக்குப் போடற சைலசின்ல பத்துல ஒரு பங்கு மாட்டுக்குப் போதும். படுக்க வெச்சா கழுத்துக்கு அடியில மூட்டை, வாய் தாழ்வா இருக்கணும், எச்சில் வெளிய ஓடணும், இல்லன்னா நுரையீரலுக்குப் போகும். நெறமாச சினைக்குத் தொடவே தொடாதீங்க. முடிஞ்சதும் வலிக்கு மெலாக்சிகாம் போடுங்க. பாறு கழுகைக் கொல்லுதுன்னு டைக்ளோஃபெனாக்கை 2006லயே மாட்டுக்குத் தடை பண்ணியாச்சு, கீட்டோபுரோஃபென் 2023ல போச்சு. இன்னமும் மனுஷன் மருந்துக் கடையில வாங்கிக் குத்தறாங்க. "நம்மூர்ல இன்னா பாறு கழுகா கீது"ன்னு கேக்கறான் ஒருத்தன். மருந்து போட்ட மாட்டுப் பொணத்தைத் தின்னுதான் அது இல்லாமப் போச்சு.

காட்பாடி கிளினிக் அக்கா:
ஓய்வு சார், பாடம் நல்லாருக்கு, ஆனா இங்க யாரும் கேக்கல.

எனக்குப் பூனை. கருப்பை எடுத்து அனுப்பினோம். வலி மருந்து மறுநாள் வந்து போட்டுக்கோங்கன்னேன். ராத்திரி பூனை முனகினதுன்னு அந்தப் பொண்ணு பாசத்துல பாதி பாராசிட்டமால் குடுத்துட்டா. காலையில தூக்கினு வந்தா, மூஞ்சி உப்பி இருக்கு. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு சிவப்பா இல்ல, வெளுப்பாவும் இல்ல, புளிக்கரைசல் நிறம். ரத்தமே அந்த நிறத்துலதான் வந்தது. மத்தியானத்துக்குள்ள போயிடுச்சு. அந்தப் பொண்ணு "குழந்தைக்குக் குடுக்கறதுதானே அக்கா"ன்னு ரெண்டு தரம் கேட்டா. பாராசிட்டமால் குடுக்காதேன்னு நான் வாயால சொல்லல. இப்ப டிஸ்சார்ஜ் சீட்டுல சிவப்பு மையில முதல் வரியே அதுதான்.

குடியாத்தம் ஆய்வாளர்:
அக்கா, அவர் அப்படித்தான், விடுங்க.

ஓய்வு அண்ணே, இமையைப் பார்த்தேனான்னு கேட்டீங்க. பார்க்கல. ராத்திரி பூரா யோசிச்சேன். ரெண்டாவது ஊசிக்கு டாக்டர் என்னைக் கொம்புக்குப் பின்னாடி வரச் சொன்னார். நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா பெரியவர் பிடிச்சிருந்த கயிறு என் கால்ல சிக்கிச்சு. அப்ப நீங்க சொல்றதுதான். அங்க ஒரு நரம்பு இருக்கறதே அன்னிக்கு எனக்குத் தெரியாது. 11 வருஷமா டீயைத் திட்டினு இருந்திருக்கேன்.