ஜெமினி ஸ்டூடியோவும் 'சந்திரலேகா'வும் (வாட்ஸ்அப் குழு: நம் வீட்டார்)

திவ்யா: ஜெமினி மேம்பாலத்தில் பஸ் நகரவே மறுக்கிறது. பெரியப்பா, ஜெமினி ஸ்டூடியோ இங்கேயா இருந்தது?

பெரியப்பா: பாலத்தை ஒட்டித்தான். அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். அப்படி யார் சொல்கிறார்கள்? ஸ்டூடியோ பெயரே ஒட்டிக்கொண்டது. 'சந்திரலேகா' படம் பிறந்த இடம் அந்த ஸ்டூடியோ. 1948.

திவ்யா: முரசு நடனம் வருமே, அந்தப் படமா? அதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

பெரியப்பா: பந்தியில் பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்திருக்கிறாய். ஜெமினி முதலாளி எஸ்.எஸ். வாசன் அந்தப் படத்துக்காகப் பட்ட பாடு உனக்கு எங்கே தெரியப்போகிறது! இயக்கிக்கொண்டிருந்த ராகவாச்சாரி மனவேறுபாட்டில் பாதியில் விலகிவிட்டார். அதுவரை ஒரு படம்கூட இயக்காத வாசன் தாமே பொறுப்பேற்றார்.

மீனா அத்தை: கதாநாயகனையும் மாற்றினார்களே, அண்ணா.

பெரியப்பா: ஆமாம். முதலில் கே.ஜே. மகாதேவன். வாளேந்தும் இளவரசனுக்கு அவர் மிகவும் சாது என்று தோன்றிவிட்டது. எம்.கே. ராதாவை நாயகனாக்கினார்கள். ராதாவுக்கு முதலில் பேசியிருந்தது வில்லன் சசாங்கன் வேடம்! அது ரஞ்சனுக்குப் போனது. நல்லவேளை. அந்தத் திமிரும் வாள்வீச்சும் ராதாவுக்கு வந்திருக்காது.

மீனா அத்தை: ராதாவைக் குறைத்துப் பேசாதீர்கள். அடுத்த வருடமே 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் இரட்டை வேடத்தில் வெளுத்து வாங்கியவர் யாராம்?

பெரியப்பா: சரி தாயே, ஒப்புக்கொள்கிறேன். ரஞ்சன் விஷயத்தில் மட்டும் இறங்கிவர மாட்டேன்.

சித்தப்பா: கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை விட்டுவிட்டீர்களே! பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையிலிருந்தவர் 1947-இல்தான் விடுதலையானார். வந்ததும் அவருக்கும் அவர் மனைவி மதுரத்துக்கும் காட்சிகள் எழுதிச் சேர்த்தார்கள். படம் இழுத்துக்கொண்டே போனதால்தான் அவர் கிடைத்தார்.

கார்த்திக்: இப்படி இழுத்தால் பணம்?

பெரியப்பா: சுமார் 30 லட்சம் என்பார்கள். அந்தக் காலத்து 30 லட்சம்! தமிழில் மட்டும் ஓடினால் கட்டுப்படியாகாது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியில் எடுத்துக்கொண்டு வடக்கே போய் வென்றார். துணிச்சல் என்று சொல்லலாம். எனக்கென்னவோ, வேறு வழியில்லாத பிடிவாதமாகத்தான் தெரிகிறது.

பாட்டி: கதாநாயகி டி.ஆர். ராஜகுமாரி முரசின் மேல் ஆடும்போது எல்லோரும் அவள் காலையே பார்ப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுக்குள் பதுங்கியிருந்த வீரர்கள் வாளோடு வெளியே பாய்வார்கள். கொட்டகையில் என் பக்கத்திலிருந்தவர் நாற்காலியிலேயே எழுந்து நின்றுவிட்டார்.

திவ்யா: பாட்டி, முடிவைச் சொல்லிவிட்டீர்களே!

பாட்டி: இன்னும் வாள்சண்டை இருக்கிறது. அதைச் சொல்லவில்லை.