மறுமொழி: 'விக்கிங்' என்பதற்குத் திரியேற்றம், கூடவே காந்தலும் சூட்டுத்திட்டும்

குழுவினருக்கு வணக்கம்.

மின்னணு சிகரெட்டில் சூடாகும் கம்பிச்சுருளுக்குப் பஞ்சு வழியாகத் திரவம் வந்து சேர்வதை ஆங்கிலத்தில் 'விக்கிங்' என்கிறார்களே, அதற்குத் தமிழில் 'திரியேற்றம்' சரியா என்று போன வாரம் நான் போட்ட ஒரு வரிக் கேள்விக்கு இத்தனை மறுமொழி வரும் என்று நினைக்கவில்லை. தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை, எல்லாவற்றையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

> இந்தச் சனியனுக்கெல்லாம் தமிழ்ச்சொல் எதற்கு?

நியாயமான கேள்விதான். இந்தியாவில் மின்னணு சிகரெட்டை 2019இல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டார்கள், அங்கே இருப்பவர்களுக்கு இது தேவைப்படாது. நான் இருப்பது லண்டனில். இங்கே பதினெட்டு வயது ஆனவர்களுக்குக் கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள். 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை இழுத்துத் தூக்கிப்போடும் வகையை மட்டும் விற்கக்கூடாது என்றாகிவிட்டது. அதற்கப்புறம் திரவத்தை நிரப்பிப் பயன்படுத்தும் டாங்க் பக்கம் வந்தவர்களில் சிலர், கம்பியைத் தாங்களே சுற்றிப் பஞ்சைத் தாங்களே கோக்கும் வகைக்கும் வந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த கடையில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி, வருகிற தமிழ் ஆட்களுக்குக் கொடுக்க இரண்டு பக்கக் குறிப்பு எழுதித் தரச் சொன்னான். எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே சொல் இல்லை.

சொல் இல்லாததால் என்ன கெட்டுப்போகிறது என்பதற்கு என் கதையே போதும். 0.40 மில்லிமீட்டர் காந்தால் கம்பியை (சூடேற்றவென்றே செய்த உலோகக் கலவைக் கம்பி) 3 மில்லிமீட்டர் தண்டில் ஆறு சுற்று சுற்றினேன், ஏறக்குறைய 0.8 ஓம் வந்தது. 30 வாட்டில் இழுத்தால் தொண்டையைப் பிடுங்கும் கருகல். சூடு அதிகம் என்று 22க்கு இறக்கினேன். இரண்டு இழுப்பு நன்றாக இருந்தது, மூன்றாவதில் மறுபடி கருகல். கம்பியைப் பிடுங்கிப் புதிதாகச் சுற்றினேன், அதே கதை. மூன்று நாள் 'சூடு, சூடு' என்று சூட்டையே துரத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் பஞ்சின் வால்களை அடித்தட்டின் பள்ளத்தில் தலையணை அடைப்பதுபோல் அழுத்தி அடைத்து வைத்திருக்கிறேன். வாலை வெட்டிச் சீப்பால் கோதி, பள்ளத்தை அடைக்காமல் தொட்டும் தொடாமலும் வைத்ததும் 30 வாட்டிலேயே ஒழுங்காக ஓடியது.

கோளாறு இரண்டு, சுவை ஒன்று. அதுதான் குழப்பம். ஒன்று, சுருளில் ஓர் இடம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கனலாய்க் காய்வது. பஞ்சு நன்றாக ஊறியிருந்தாலும், வாட் குறைவாக இருந்தாலும், முதல் இழுப்பிலேயே கருகும். பஞ்சை எடுத்துவிட்டு (பஞ்சோடு ஒருபோதும் வேண்டாம்) குறைந்த வாட்டில் விட்டுவிட்டு அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: நல்ல சுருள் நடுவில் சிவந்து இரண்டு பக்கமும் பரவும், கெட்டது ஓரத்திலோ ஒரே ஒரு சுற்றிலோ முதலில் சிவக்கும். பீங்கான் முனைக் குறடால் சுருளைத் தடவி, கொஞ்சம் நெருக்கி, காலைப் பிடிக்கும் திருகை இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும். திருகு தளர்ந்திருந்தால் ஓம் அளவு ஒரு இடத்தில் நிற்காமல் ஆடும், அதுவும் ஓர் அடையாளம். இன்னொன்று, சுருளில் குறையே இல்லை, பஞ்சு வழியாகத் திரவம் வந்து சேரும் வேகம், ஆவியாகிப் போகும் வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. இது முதல் இழுப்பில் தெரியாது, அடுத்தடுத்து மூன்று நான்கு இழுத்தால்தான் தெரியும். என்னுடையது இந்த ரகம்.

இதில் கிளிசரின் பங்கும் பெரிது. நாம் ஊற்றும் திரவத்தில் பெரும்பகுதி கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும்தான். தூய கிளிசரினின் பாகுநிலை (ஓடவிடாமல் பிடிக்கும் கெட்டித்தன்மை) அறை வெப்பத்தில் தண்ணீரைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். புரொப்பிலீன் கிளைக்கால் அதைவிட எவ்வளவோ இளக்கம். லூகாஸ் என்பவர் 1918இலும் வாஷ்பர்ன் என்பவர் 1921இலும் காட்டிய கணக்குப்படி, நுண்குழாயில் திரவம் போகும் தூரத்தின் வர்க்கம் நேரத்துக்கு நேர்விகிதம், பாகுநிலைக்கு எதிர்விகிதம். அதனால்தான் கோடையில் ஒழுங்காக இருந்த அதே டாங்க், ஜனவரியில் காருக்குள் ஓர் இரவு கிடந்தால் காலையில் கருகுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. கிளைக்கால் 188 செல்சியஸ் பாகையிலும் கிளிசரின் 290 பாகையிலும் கொதிக்கும், கொதிக்கத் திரவம் இருக்கிறவரை கம்பியின் சூடு அதைத் தாண்டி அதிகம் போகாது. பானையில் தண்ணீர் இருக்கும்வரை சோறு அடிப்பிடிக்காது, அதே சங்கதி. ஆக, சூட்டுக் கோளாறு என்று நாம் நினைப்பதில் பாதி, திரவம் வராத கோளாறு.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> திரி எண்ணெயை இழுக்கிறது என்றுதானே சொல்கிறோம்? 'இழுப்பு' போதுமே.

வேறு எந்தத் துறையாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். இங்கே ஆள் இழுப்பதும் இழுப்பு. 'இழுப்பு குறைவாக இருந்தால் இழுப்பைக் குறைக்கவும்' என்று எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்? இழுப்பு என்பது ஒரு நோய்க்கும் பெயர், கடையில் வைக்கும் தாளில் அது வேறு பீதி. 'உறிஞ்சல்' சொன்னவருக்கும் இதே பதில்தான், உறிஞ்சுவது பஞ்சா ஆளா?

'ஊறல்' பக்கம் நானும் சாய்ந்தேன். ஆனால் செய்தித்தாளில் 'சாராய ஊறல் அழிப்பு' என்று படித்து வளர்ந்தவர்களுக்கு அது வேறு பானையை நினைவூட்டும். தவிர, பஞ்சை முதன்முதலில் நனைத்து ஐந்து பத்து நிமிடம் வைக்கிறோமே, அதற்கு 'ஊறவைத்தல்' கச்சிதமாக இருக்கிறது. அதைத் தனியாக விட்டுவிடுவோம். முதலில் ஊறியது வேறு, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருப்பது வேறு.

'பொசிவு' எழுதிய ஐயாவுக்கு ஒரு கும்பிடு. நெல்லுக்குப் பாய்ச்சிய நீர் புல்லுக்குப் பொசிவது எல்லோருக்கும் தெரிந்த படம். ஆனால் அங்கே பொசிவது நாம் நினைக்காத இடத்துக்கு. பஞ்சு குறைவாகிப்போய் திரவம் காற்றுத்துளை வழியாக இறங்கிச் சட்டைப்பையை நனைக்கிறதே, அதற்கு இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டேன், கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

'நுண்புழை ஏற்றம்' பாடநூலில் இருக்கிறது, தவறே இல்லை. இலங்கைப் பாடநூலில் படித்தவர்களுக்கு 'மயிர்த்துளை' வரும். இரண்டும் இயற்பியல் நிகழ்வின் பெயர். பஞ்சு வேலை செய்யவில்லை என்று சொல்ல ஒரு வினை வேண்டும், 'பஞ்சு நுண்புழையேறவில்லை' என்று யார் வாயில் வரும்?

அதனால்தான் திரியேற்றம். 'திரியில எண்ணெய் ஏறல' என்று அம்மா சொல்லிக் கேட்ட வினை அப்படியே உள்ளே இருக்கிறது. 'பஞ்சில் ஏறவில்லை', 'ஏற்றம் குறைவு', 'ஏற்ற வேகம்' எல்லாம் தானாக வருகின்றன.

> ஏற்றம் என்றால் மேல்நோக்கி மட்டும் அல்லவா? வியர்வையைப் பரப்பும் துணியில் ஈரம் பக்கவாட்டில் போகிறதே?

இதற்குத்தான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மாங்காய்த் துண்டில் உப்பு ஏறுகிறது, துணியில் சாயம் ஏறுகிறது, உடம்பில் விஷம் ஏறுகிறது. இதில் எது மேல்நோக்கி? ஊடுருவிப் பரவுவதற்கு 'ஏறு' நம்மிடம் எப்போதோ இருக்கிறது. சுவரில் ஓதம் ஏறுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கருகிய சுவைக்கு 'காந்தல்' என்று வைத்திருக்கிறேன், அடிப்பிடித்த பாலை ஒருமுறை குடித்தவனுக்கு விளக்கமே வேண்டாம். கம்பியின் பெயர் காந்தால், சுவையின் பெயர் காந்தல், அச்சுப்பிழை மாதிரி இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். தொண்டையில் உறைக்கும் உணர்வுக்குக் 'கமறல்'. இவை இரண்டிலும் யாருக்கும் மறுப்பு வரவில்லை.

சிக்கல் சுருளில் ஓரிடம் மட்டும் காய்வதில்தான். 'வெப்பப்புள்ளி' புவியியலில் எரிமலைக்குப் போய்விட்டது, நான் 'சூட்டுத்திட்டு' என்று போட்டேன், மணல்திட்டு மாதிரி. நேற்றுக் கடைக்குப் போய்த் தாளைத் தம்பியிடம் காட்டினேன். முழுக்க வாசித்துவிட்டுச் சொன்னான்: "திரியேற்றம் எண்டா விளங்குது அண்ணை. சூட்டுத்திட்டு எண்டா ஆரைத் திட்டுறது?"

ஞாயிறு இரவு அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அதற்குள் யாராவது வேறு சொல் தாருங்கள்.